அருகில் காடு இல்லாத பள்ளியில் இயற்கைக் கல்வி: ஓர் ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு, மைதானத்தின் ஓரமாகச் சில மரங்கள், மழைக்காலத்தில் நீர் தேங்கும் ஒரு பள்ளம், வாரத்துக்கு ஒரு பாடவேளை. இவ்வளவுதான் கையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை சரணாலயத்துக்கு அழைத்துச் செல்வதாகவும், சென்ற முறை பெரிய விலங்கு எதுவும் கண்ணில் படாததால் பிள்ளைகள் சோர்ந்து திரும்பியதாகவும் சொல்கிறீர்கள். 9 முதல் 13 வயது வரையுள்ள இவர்களுக்கு வெளியில் வைத்து இயற்கையையும் காட்டுயிர்களையும் கற்பிக்க என்னென்ன செயல்பாடுகள் உண்டு, அவற்றுக்கு மதிப்பெண் தரலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் செயல்பாடுகளின் பட்டியல் எளிதில் கிடைக்கும். காடும் பெரிய விலங்குகளும் இல்லாத இடத்தில் செய்வது உண்மையான இயற்கைக் கல்வி ஆகுமா, அல்லது கிடைக்காததற்கு ஈடாகச் செய்யும் ஒன்றாகவே நின்றுவிடுமா என்ற ஐயமே உங்கள் வரிகளுக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டுச் செயல்பாடுகளுக்கு வருகிறேன்.

உயிரியல் என் படிப்பு. பள்ளிப் பிள்ளைகளுடன் வெளிக்களத்தில் இருப்பது என் நெடுநாள் பணி. அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன்: ஒரே சிறிய இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்லும் வகுப்பு, ஒவ்வொரு முறையும் புதிய இடத்துக்குச் சென்றுவரும் வகுப்பைவிட ஆழமாகக் கற்றுக்கொள்கிறது. முதன்முறை பார்க்கும் இடத்தில் எல்லாமே புதிது என்பதால், எது வழக்கம், எது மாற்றம் என்று பிள்ளைகளால் பிரித்தறிய இயலாது. சென்ற வாரம் முழுதாக இருந்த இலையில் இந்த வாரம் துளை விழுந்திருப்பதை ஒரு பிள்ளை கவனித்துவிட்டால், தின்றது யார் என்ற கேள்வி தானாக எழுகிறது. இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் விடை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். உங்கள் மைதானம் பள்ளியின் வாசலிலேயே இருக்கிறது, வாரந்தோறும் செல்ல முடிகிறது. தொலைவில் உள்ள எந்தச் சரணாலயமும் தர முடியாத வசதி அது.

ஆகவே தொடக்கமாக ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நாற்பது பேரை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மரம் அல்லது ஒரு மரத்தின் ஒரு பக்கம் என்று ஆண்டு முழுவதற்கும் ஒப்படைத்துவிடலாம். துளிர் விட்ட நாள், முதல் மொட்டு, முதல் பூ, பிஞ்சு, பழுத்த கனி, இலையுதிர்வு ஆகியவற்றைத் தேதியோடு குறிக்க வேண்டும். தாழ்வான கிளை ஒன்றில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி, அந்தக் கிளையின் இலைகளை மட்டும் எண்ணிவரலாம். இவற்றைவிட முக்கியமானது மரத்துக்கு வந்துபோகிறவர்களின் பதிவு. பட்டை இடுக்கில் சிலந்தி, தண்டில் ஏறியிறங்கும் எறும்பு, பூவுக்கு வரும் தேனீ, கனிக்கு வரும் பறவை என யார் எப்போது வந்து என்ன செய்தார்கள் என்று எழுதத் தொடங்கினால், அந்தப் பக்கங்களிலிருந்தே ஓர் உணவு வலையைப் பிள்ளைகள் வரைந்துவிடுவார்கள். பாடநூலில் இருக்கும் உணவு வலை அவர்களுக்கு அச்சிட்ட படம். இதில் உள்ள ஒவ்வொரு அம்புக்குறியையும் அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

அடுத்ததாக நான் பரிந்துரைப்பது ஒரு சதுர மீட்டர். நான்கு குச்சிகளும் ஒரு நூலும் போதும். ஒரு குழு மர நிழலிலும், இன்னொன்று பிள்ளைகள் ஓடி ஆடி இறுகிப்போன மண்ணிலும், மற்றொன்று சுவரோர ஈரத்திலும், வேறொன்று புல் வளர்ந்த மூலையிலும் கட்டம் போடட்டும். கட்டத்துக்குள் எத்தனை வகைச் செடிகள், எத்தனை வகைச் சிற்றுயிர்கள், மண் ஈரமா உலர்ந்ததா, விரல் எளிதில் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரிய வேண்டிய தேவை இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று வேறுபடுகிறது என்று அறிந்தால் போதும். பிறகு எல்லாக் குழுக்களின் எண்களையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே ஏன் இவ்வளவு வேறுபாடு என்ற விவாதத்தில் ஒளி, ஈரம், மிதிபடுதல், மண்ணின் இறுக்கம் ஆகிய எல்லாமே பிள்ளைகளின் வாயிலிருந்தே வரும். அப்போது நீங்கள் பேசாமல் இருப்பது கடினம். இருந்தும் சிறிது நேரம் பேசாமல் இருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அதே கட்டங்களைப் பார்ப்பது இச்செயல்பாட்டின் சிறந்த பகுதி என்பது என் கருத்து.

நிழற்கட்டத்திலிருந்து ஒரு பிடி இலைச்சருகை வகுப்பறைக்குள் கொண்டுசெல்லலாம். இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லேசே 1905-இல் வடிவமைத்த புனல் முறை இன்றும் மண்ணுயிர் ஆய்வில் பயன்படுகிறது. அதன் எளிய வடிவத்தை நெகிழிப் புட்டியின் மேற்பாதியை வெட்டிக் கவிழ்த்தே செய்துவிடலாம். உள்ளே வலைத்துணி, அதன்மேல் சருகு, மேலே ஒரு விளக்கு, கீழே ஈரக் காகிதம் இட்ட கிண்ணம். விளக்கின் வெப்பத்தால் சருகு மேலிருந்து உலர உலர, உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிக் கிண்ணத்தில் விழும். வெறுங்கண்ணுக்குத் தூசியாகத் தெரிவது, உருப்பெருக்கியில் வாலை உதறித் துள்ளும் ஓர் உயிராகத் தெரியும்போது வகுப்பில் எழும் சத்தத்தைத் தடுக்க வேண்டாம். விளக்கு சருகைத் தொடாதபடி வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

எறும்புகள் இந்த வயதினருக்கு மிகவும் பொருத்தமானவை, ஏனெனில் எங்கும் கிடைக்கின்றன, கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்கின்றன. பல எறும்பு வகைகள் உணவுக்குச் செல்லும் வழியில் மணமுள்ள வேதிப்பொருளைத் தடமாக இட்டுச் செல்கின்றன. எறும்பு வரிசையின் குறுக்கே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் வந்த எறும்புகள் தயங்கி அலைந்து, சற்று நேரத்தில் மீண்டும் வழியைக் கண்டடைவதைக் காணலாம். எவ்வளவு நேரம் ஆகிறது, துடைத்த அகலம் கூடினால் நேரமும் கூடுகிறதா என்று அவர்களே சோதிக்கட்டும். கடிக்கும் வகைகளை முன்கூட்டியே நீங்கள் பார்த்து ஒதுக்கிவிட வேண்டும்.

உருமறைப்பைக் கற்பிக்க ஒரு விளையாட்டு உண்டு. பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் நிறக் கம்பளி நூலைப் புழு நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு நிறத்திலும் 20 துண்டுகள் எண்ணிப் புல்லில் தூவிவிட்டு, பிள்ளைகளைப் பறவைகளாக்கி ஒரு நிமிடத்துக்குப் பொறுக்கவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் விரைவில் தீர்ந்து, பச்சையும் பழுப்பும் பெரும்பாலும் எஞ்சும். இறுகிய மண்ணில் மீண்டும் தூவினால் முடிவு மாறும். எந்த நிறம் பாதுகாப்பானது என்பதை இடமே தீர்மானிக்கிறது என்பதை விளக்க வேறு சொற்பொழிவு தேவைப்படாது. விளையாட்டு முடிந்ததும் ஒரு துண்டு விடாமல் எண்ணித் திரும்ப எடுத்துவிட வேண்டும்.

பறவைகளைப் பொறுத்தவரை, பைனாகுலர் இல்லாததை ஒரு குறையாகக் கருத வேண்டாம். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், 15 நிமிடம் கண்டதையும் கேட்டதையும் எண்ணுவதே அடிப்படைப் பயிற்சி. காலை முதல் பாடவேளை இதற்கு ஏற்றது. நண்பகலில் பறவைகளின் நடமாட்டம் குறைந்துவிடும். ஒவ்வொருவரும் ஒரு தாளின் நடுவில் புள்ளியிட்டு, அது தானே என்று கொண்டு, ஒலி வந்த திசையிலும் தொலைவிலும் குறியிட்டால் ஓர் ஒலி வரைபடம் கிடைக்கும். பேசிக்கொண்டே இருக்கும் வகுப்பையும் இது ஐந்து நிமிடமாவது அமைதிப்படுத்தும். இப்படிப் பொதுமக்கள் எண்ணித் தரும் கணக்குகளுக்கு அறிவியலில் மதிப்பு உண்டு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விடுமுறை நாளில் பறவைகளைச் சுட்டு வேட்டையாடும் வழக்கத்துக்கு மாற்றாக, அவற்றை எண்ணுவோம் என்று பறவையியலாளர் பிராங்க் சாப்மன் அமெரிக்காவில் 1900-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது. 1998-இல் தொடங்கி, 2013 முதல் உலகெங்கும் நடைபெறும் பிப்ரவரி மாதக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் வகுப்பும் கலந்துகொள்ளலாம். அதற்கும் குறைந்தது 15 நிமிடம் கவனித்தால் போதும்.

நீர் தேங்கும் பள்ளத்தைச் சகதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அகலமான வெள்ளைத் தட்டில் சிறிது நீரை முகந்து ஊற்றி அசையாமல் பார்த்தால், கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கி மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் நீட்டியிருப்பது தெரியும். நீர் நெடுநாள் நின்றிருந்தால் தட்டானின் இளம் பருவமும் கிடைக்கலாம். அதன் மடக்கிய கீழுதடு நொடிப்பொழுதில் நீண்டு இரையைப் பிடிப்பதைக் கண்ட பிள்ளை அதை மறப்பதில்லை. உயிர்களைக் கொண்டே நீரின் தன்மையை ஓரளவு கணிக்கலாம். உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்த சேற்றில் வாழும் கொசுவைப் போன்ற சில பூச்சிகளின் புழுக்கள் செந்நிறமாக இருப்பதற்குக் காரணம், நம் குருதியில் உள்ளது போன்ற ஈமோகுளோபின் அவற்றின் உடலிலும் இருப்பதே. ஆனால் ஒரு தட்டு நீரைப் பார்த்துவிட்டு இந்த நீர் தூயது அல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குப் பல இடங்களில், பல முறை, முறையான மாதிரிகள் எடுக்க வேண்டும். அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

12, 13 வயதினருக்குக் கணக்கோடு சேர்ந்த ஒரு செயல்பாட்டைத் தரலாம். மைதானத்தில் நத்தைகள் இருந்தால், ஒரு நாள் 20 நத்தைகளின் ஓட்டில் நகப்பூச்சால் சிறு புள்ளி வைத்து, எடுத்த இடத்திலேயே விடுங்கள். சில நாள் கழித்து 25 நத்தைகளைப் பிடிக்கும்போது அவற்றில் 5 நத்தைகள் புள்ளியுடையவை என்றால், 20-ஐ 25-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க, ஏறத்தாழ 100 நத்தைகள் என்ற மதிப்பீடு கிடைக்கும். காட்டுயிர் ஆய்வாளர்கள் விலங்குகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறைகளில் ஒன்றின் அடிப்படை இதுவே. இடையில் நத்தைகள் வெளியேறவில்லை, புதியவை வரவில்லை, புள்ளி அழியவில்லை, புள்ளியால் அவை பறவைகளின் கண்ணில் எளிதில் படவில்லை என்ற அனுமானங்களின் மேல்தான் அந்த எண் நிற்கிறது. அவற்றில் எது உடைந்திருக்கக்கூடும் என்று கேட்டால் எண்ணைவிட நல்ல பாடம் அமையும். சில நிலத்து நத்தைகள் மனிதருக்கு நோய் தரும் புழுக்களைச் சுமப்பதால் கையுறை அணிந்து செய்வதும், பிறகு சோப்பிட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஆசிரியர்கள் பலர் வெளியே அழைத்துச் செல்லத் தயங்குவதற்குக் காரணம், பிள்ளைகள் காட்டும் பூச்சிக்கெல்லாம் பெயர் சொல்ல வேண்டுமே என்ற அச்சம்தான். பூச்சிகளில் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. எந்த வல்லுநரும் அவற்றில் சிறு பகுதியையே அறிவார். தெரியவில்லை, கால்களை எண்ணிப் பார்ப்போம், எதைத் தின்கிறது என்று பார்ப்போம் என்று நீங்கள் சொல்லும்போது, பிள்ளைக்கு அறிவியலின் நடைமுறையைக் காட்டிவிடுகிறீர்கள். கைப்பேசிச் செயலிகள் படத்தைக் கொண்டு பெயரைப் பரிந்துரைக்கும். அதைப் பரிந்துரையாகவே கொள்ளுங்கள், சிற்றுயிர்களில் அவை அடிக்கடி தவறுகின்றன. பதிவேற்றுவது ஆசிரியரின் கணக்கிலிருந்தே நடக்கட்டும், பிள்ளைகளின் முகமோ பெயரோ அதில் இடம்பெற வேண்டாம்.

பாதுகாப்பில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது. முந்தைய நாளே இடத்தை நீங்கள் நடந்து பார்த்துவிட வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே ஆசிரியர் போதாது; பெற்றோரோ மூத்த மாணவரோ சிலர் உடன் இருக்கட்டும். கல்லைப் புரட்டுவதானால், தொலைவில் உள்ள விளிம்பைக் கோலால் உயர்த்தித் தம் பக்கமாகச் சாய்க்கக் கற்றுக்கொடுங்கள். அடியில் இருப்பது தேளோ பூரானோ பாம்போ ஆனாலும், கல் நடுவில் மறைப்பாக நிற்க, அது எதிர்ப்புறமாக ஓடிவிடும். பார்வையிட்டபின் கல்லை முன்பிருந்தபடியே வைக்க வேண்டும். பாலூட்டி எதையும், குறிப்பாக நாய், பூனை, குரங்கு, வௌவால் ஆகியவற்றை, தொடவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய்க்கு (ரேபிஸ்) அறிகுறி தோன்றியபின் மீட்பு அநேகமாக இல்லை. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கு. உறுப்பை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே வழி. இடியோசை கேட்டவுடன் கட்டடத்துக்குள் சென்று, கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வரவேண்டும். தேனீ, குளவிக் கொட்டுக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார் என்பதைப் பெற்றோரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பூச்சியைக் கண்டால் அலறும் பிள்ளையின் கையில் அதைத் திணிப்பதால் அச்சம் போகாது, கூடவே செய்யும். தள்ளி நின்று படம் வரையும் பொறுப்பை அவனுக்கோ அவளுக்கோ கொடுங்கள். வரைவதற்காகவே அந்தப் பிள்ளை ஒவ்வோர் அடியாக நெருங்கி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உயிர்களின் பக்கமிருந்தும் சில விதிகள் உள்ளன. கூடுகளை நெருங்கக் கூடாது. தரையில் தத்தித் திரியும், இறகு முளைத்த பறவைக் குஞ்சைப் பெரும்பாலும் பெற்றோர்ப் பறவைகள் அருகிலிருந்தே கவனித்துவரும். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தேவையில்லை. மனித வாடை பட்டால் தாய்ப்பறவை கைவிட்டுவிடும் என்பது தவறான நம்பிக்கை. ஆனாலும் தொடாமலிருப்பதே நல்லது. தவளையின் தோல் வேதிப்பொருள்களை உறிஞ்சக்கூடியது. கொசுவிரட்டி பூசிய கையால் அதைப் பிடிக்கக் கூடாது.

இனி உங்கள் சரணாலயப் பயணம். அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் வைக்காமல் இறுதியில் வையுங்கள். மைதானத்தில் பல மாதங்கள் தடயங்களைத் தேடிப் பழகிய பிள்ளைகளுக்கு விலங்கு தென்படாத காடு வெறுமையாகத் தோன்றாது. சேற்றில் பதிந்த குளம்படி, பட்டையில் நகக்கீறல், எச்சத்துக்குள் தெரியும் விதை என ஒவ்வொன்றையும் படிக்கத் தொடங்குவார்கள். எச்சத்தைக் கோலால் மட்டுமே கிளற வேண்டும். பதிவு செய்த பறவைக்குரலை ஒலிக்கவிட்டுப் பறவைகளை வரவழைப்பதும், உணவிடுவதும், கூச்சலிடுவதும் வேண்டாம் என்பதைப் புறப்படுமுன்பே ஒப்பந்தமாகப் பேசிவிடுங்கள்.

தலைமையாசிரியரையும் பெற்றோரையும் இணங்கச் செய்ய, இதன் பயன்களுக்கு ஆதாரம் கேட்கிறீர்கள். வலுவான ஆதாரம் கண் பார்வை பற்றியது. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்து, 2015-இல் வெளியான ஆய்வில், பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருந்தவர்களில் மூன்றாண்டுக்குள் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, மற்றவர்களில் 39.5 விழுக்காடு. இது வெளியில் இருப்பதால் வந்த பயன். பறவை எண்ணினாலும் பந்து விளையாடினாலும் கிடைக்கும். பசுமைக்கு நடுவே இருந்தால் கவனம் கூடும், மதிப்பெண் உயரும் என்பவற்றுக்குச் சாதகமான ஆய்வுகள் உண்டு. ஆனால் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை, ஆகவே அவற்றை வாக்குறுதியாகக் கொடுக்க வேண்டாம். சிறுவயதில் இயற்கையோடு பழகியவர்கள் வளர்ந்தபின் அதன் காவலர்களாவார்கள் என்ற கூற்றிலும் எச்சரிக்கை தேவை. ஆய்வாளர் தாமஸ் டானர் 1980-இல் தொடங்கிவைத்த ஆய்வு வரிசையில், சூழல் காப்பில் ஈடுபட்டவர்களிடம் அவர்களின் இளமையைக் கேட்டபோது பலரும் வெளியில் கழித்த நாள்களைக் குறிப்பிட்டார்கள். அதே இளமை வாய்த்தும் அப்பணிக்கு வராதவர்களைச் சேர்த்துக் கேட்டால்தான் காரணத்தைப் பற்றித் துணிந்து பேச முடியும். நான் இதைச் செய்வதற்குக் காரணம் இந்த எதிர்காலப் பலன் எதுவும் இல்லை. தம்மோடு வாழும் உயிர்களை அறிந்துகொள்வது பிள்ளைகளின் உரிமை என்று நம்புகிறேன். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களோடும், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளோடும் எனக்குப் பழக்கம் குறைவு. அவர்களுக்கு இவற்றை மாற்றியமைக்க அத்துறையில் பயிற்சி பெற்றவர்களைக் கேளுங்கள்.

மதிப்பெண் தரலாம், ஆனால் எதற்கு என்பதில் கவனம் வேண்டும். கண்ட இனங்களின் எண்ணிக்கைக்குத் தந்தால் காணாததையும் எழுதத் தொடங்குவார்கள்; படத்தின் அழகுக்குத் தந்தால் வரையத் தெரியாதவர்கள் விலகிவிடுவார்கள். தேதி, நேரம், வானிலை, இடம் ஆகியவை உள்ளனவா, பார்த்ததும் ஊகித்ததும் தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா, அடுத்த வாரம் பார்க்க வேண்டிய ஒரு கேள்வியாவது இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் பாருங்கள். எதுவும் காணவில்லை என்று நேர்மையாக எழுதிய பக்கத்துக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அதை வகுப்பில் வெளிப்படையாகவும் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் குறிப்பேடுகளைப் பிள்ளைகளிடம் திருப்பித் தருமுன், மரங்களின் தேதிகளையும் கட்டங்களின் எண்களையும் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்றி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே மரத்தின் முதல் பூவை, முந்தையவர்கள் குறித்த நாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.